வீட்டில் உணவு ஏன் வீணாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் செலவு, சமையலறைத் திட்டமிடல் பற்றிக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. பேச்சு எங்கே தொடங்கினாலும் குப்பைக்குப் போகும் உணவில் வந்து நிற்கும். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அவையேதான். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் வீணாவதில்லையே. இது அவ்வளவு பெரிய விஷயமா?

அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். கடைகள், உணவகங்கள், வீடுகள் மூன்றிலும் சேர்த்து 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் உணவகங்களின் பங்கு 28 விழுக்காடு, கடைகளின் பங்கு 12 விழுக்காடு. மீதி 60 விழுக்காடு, அதாவது சுமார் 63 கோடி டன், வீடுகளிலிருந்து வந்தது. சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 300 கிலோவைத் தாண்டுகிறது.

ஏன் நமக்குத் தெரிவதில்லை? அது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. தட்டில் இரண்டு வாய், டம்ளரின் அடியில் சிறிது பால், பாத்திரத்தில் ஒட்டியது, வாடிப்போன அரைக்கட்டுக் கீரை. ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில், பல சமயம் வேறு வேறு கையால் போகிறது. சிங்க்கில் ஊற்றியது குப்பைக்கூடையில்கூடச் சேராது. மொத்தமாகக் குவிந்து கண்ணில் படுவதே இல்லை. நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் குறைவாகவும், எடைபோட்டுப் பார்த்தால் அதிகமாகவும் வருவதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கா? அதைத் தின்ன முடியாதே!

ஆமாம், 79 கிலோவில் அவையும் அடக்கம். உண்ணக்கூடியதையும் கூடாததையும் பிரிக்காமல் எடைபோடுகிறார்கள். அதனால் அந்த எண்ணைப் பார்த்து மனம் நோக வேண்டாம். வாழைப்பழத் தோலைப் போட்டதற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் வீட்டளவில் கணக்குப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் சாப்பிடக்கூடியதாக இருந்து பிறகு போடப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் குழப்பமான பகுதியும் உண்டு. காலிஃபிளவரின் தண்டு, கேரட் தோல், கீரையின் இளம் காம்பு போன்றவற்றைச் சிலர் சமைப்பார்கள், சிலர் போட்டுவிடுவார்கள். அதை உங்கள் வீட்டு வழக்கத்துக்கே விட்டுவிடலாம். இழப்பின் பெரும்பகுதி அங்கே இல்லை.

வசதியான வீடுகளில்தானே இந்தப் பிரச்சினை?

நானும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பேன், எண்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. அதே அறிக்கையில், அதிக வருமான நாடுகளுக்கும் கீழ்-நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வீட்டு உணவு வீணாவதில் உள்ள வித்தியாசம் ஆளுக்கு ஆண்டுக்கு 7 கிலோ அளவுதான். வீணாகும் விதம் மாறுகிறது, அளவு பெரிதாக மாறவில்லை. வெப்பம் கூடுதலான நாடுகளில் சற்று அதிகமாகவும் தெரிகிறது. தோல், தண்டு நிறைந்த புதிய காய்கறி, பழங்களை அதிகம் உண்பதும், குளிர்பதன வசதி குறைவாக இருப்பதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆனால் ஒரே எடை எல்லா வீட்டுக்கும் ஒரே வலி அல்ல. வருமானத்தில் பாதி உணவுக்கே போகும் வீட்டில் ஒரு கிலோ காய் அழுகினால் அந்த வாரத்துச் செலவுத் திட்டமே ஆட்டம் காணும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், அடிப்படைக் காரணம் என்ன? சோம்பேறித்தனம்தானே?

சோம்பேறித்தனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மிகுந்த அக்கறையோடு நடக்கும் வீடுகளில்தான் நிறைய வீணாவதைப் பார்க்கிறேன். பல வீடுகளைப் பார்த்தபின் என் எண்ணம் இது: உணவை வாங்குபவர், சமைப்பவர், சாப்பிடுபவர் மூவருக்கும் தெரிந்த விஷயங்கள் ஒன்றாகச் சேருவதில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது.

கடைக்குப் போனவருக்கு ஃப்ரிட்ஜின் பின்னால் ஏற்கெனவே தக்காளி இருப்பது தெரியாது. சமைப்பவருக்கு மகள் இன்று வெளியே சாப்பிட்டுவிட்டு வரப்போவது தெரியாது. மகளுக்கு, தன்னை எண்ணி ஒரு பங்கு கூடுதலாக உலையில் போட்டிருப்பது தெரியாது. மூவரும் தங்கள் அளவில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். இருந்தும் இரவு பத்து மணிக்கு ஒரு பாத்திரம் சோறு மிஞ்சி நிற்கிறது. எல்லாமே ஒருவர் கையில் இருந்தாலும் இது நடக்கும். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் கடையில் நிற்பவரும் புதன்கிழமை இரவு களைத்துப்போய் அடுப்படிக்கு வருபவரும் ஒரே ஆளாக இருந்தாலும், அவருடைய தெம்பும் பொறுமையும் ஒன்றல்ல.

அதனால் உணவு குப்பைக்கூடைக்கு வந்தபிறகு யார் போட்டது என்று சண்டை போடுவதில் பயனில்லை. அந்தச் சோறு வீணாகும் என்பது மாலையில் அரிசி அளந்தபோதே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சரிசெய்ய வேண்டிய இடமும் அங்கேதான் இருக்கிறது. இனி வரும் பல பதில்களில் இந்தச் செய்தி இடைவெளியைத்தான் திரும்பச் சொல்வேன்.

அளந்து சமைத்தால் தீர்ந்ததே? எத்தனையோ வருடம் சமைக்கிறேன், ஆனாலும் ஏன் மிஞ்சுகிறது?

உங்களுக்கு அளவு தெரியாமல் இல்லை. குறைந்துபோவதற்கு நாம் பயப்படும் அளவுக்கு மிஞ்சுவதற்குப் பயப்படுவதில்லை. உணவு குறைந்தால் எல்லோர் முன்னாலும் தெரியும், சமைத்தவருக்குச் சங்கடம். மிஞ்சினால் அது சமைத்தவர் ஒருவருக்கு மட்டும், அதுவும் எல்லோரும் எழுந்துபோன பிறகுதான் தெரியும். இப்படி இருக்கும்போது எந்தப் புத்திசாலியும் ஒரு கை கூடுதலாகத்தான் போடுவார். வயிறார உண்ணக் கொடுப்பது அன்பு என்று நம்பும் வீட்டில் இது இன்னும் வலுவாக இருக்கும். அந்த அன்பைக் குறைக்கச் சொல்வது என் நோக்கம் இல்லை.

நான் சொல்வது, அந்தக் கூடுதல் ஒரு கையைப் பானைக்குள் போடாமல் அலமாரியில் வைத்திருங்கள். பத்து நிமிடத்தில் தயாராகிவிடும் ஏதாவது ஒன்று, முட்டை, ரொட்டி, உறையவைத்த காய் என்று உங்கள் வீட்டுக்கு ஒத்தது, எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். யாருக்காவது போதவில்லை என்றால் அதைச் செய்து தரலாம். தேவைப்படவில்லை என்றால் அது கெடாமல் அப்படியே இருக்கும். குறைந்துவிடுமோ என்ற பயம் போனால் அளவு தானாகவே கீழே வருகிறது.

இரண்டாவது, இன்று இரவு வீட்டில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று மாலையில் ஒரு கேள்வி. ஃபோனில் ஒரு வரி போதும். பதில் சொல்வது எல்லோர் கடமையும் என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

தள்ளுபடியில் மொத்தமாக வாங்கினால் லாபம்தானே?

கெடாத பொருளானால் லாபம். பருப்பு, அரிசி, உப்பு, சோப்பு எல்லாம் இதில் வரும். கெடும் பொருளில், எவ்வளவைச் சாப்பிட்டீர்களோ அதைக் கொண்டுதான் விலையைக் கணக்கிட வேண்டும். பாதி விலைக்கு வாங்கியதில் பாதியைப் போட்டால் சாப்பிட்ட பாதிக்கு முழு விலை கொடுத்திருக்கிறீர்கள். தூக்கி வந்தது, கழுவியது, இடம் அடைத்தது எல்லாம் கூடுதல்.

தள்ளுபடியைவிட நான் அதிகம் பார்ப்பது வேறு ஒன்று. நாளையிலிருந்து நன்றாகச் சாப்பிடப்போகிறோம் என்ற தீர்மானத்தோடு வாங்குவது. கட்டுக் கட்டாகக் கீரை, ஐந்து வகைப் பழம், இதுவரை சமைத்தே பார்க்காத ஒரு காய். வாங்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது. வாரத்தின் நடுவில் அதை ஆய்ந்து நறுக்க நேரமோ தெம்போ இருப்பதில்லை. நல்ல எண்ணம்தான், ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு புதுப் பொருளோடு நிறுத்துங்கள். அது நிஜமாகவே தீர்ந்தால் அடுத்த வாரம் இன்னொன்று.

ஃப்ரிட்ஜில் வைத்தும் சீக்கிரம் கெட்டுப்போகிறதே?

குளிர், கெடுவதை மெதுவாக்கும், நிறுத்தாது. அதிலும் உள்ளே 4 அல்லது 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் சரியாக மெதுவாகும். மலிவான ஒரு வெப்பமானியை நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். உள்ளே அடைத்து வைத்தால் குளிர்காற்று சுற்ற வழியில்லாமல் வெப்பம் ஏறும். கதவுத் தட்டுதான் அடிக்கடி சூடாகும் இடம், பாலை அங்கே வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை உள்தட்டுக்கு மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் குளிர் ஒத்துக்கொள்ளாது. வாழைப்பழத்தின் தோல் 13 டிகிரிக்குக் கீழே கறுக்கத் தொடங்கும். காயாக இருக்கும் தக்காளி ஃப்ரிட்ஜுக்குள் சரியாகப் பழுக்காது. உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் இருட்டும் காற்றோட்டமும் போதும், இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

அப்புறம் எத்திலீன். ஆப்பிள், வாழை, பழுத்த தக்காளி, மாம்பழம் போன்றவை பழுக்கும்போது இந்த வாயுவை வெளியிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் ப்ரோக்கோலியும் அதனால் சீக்கிரம் மஞ்சளாகி வாடும். பழங்களுக்கு ஓர் இடம், கீரைக்கு வேறு இடம் என்று பிரித்தாலே பல நாள் கூடுதலாகக் கிடைக்கும். கீரையை உலர்ந்த துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் ஈரம் நீங்காமலும், மேலே தண்ணீர் தேங்காமலும் இருக்கும். கழுவி வைப்பதென்றால் நன்றாக உலர்த்திய பிறகே.

மிச்சத்தைப் பத்திரமாக எடுத்து வைக்கிறேன். ஆனாலும் நாலு நாள் கழித்துக் கொட்டத்தான் செய்கிறேன். ஏன் இப்படி?

இது மிக முக்கியமான கேள்வி. நல்ல உணவை நேராகக் குப்பையில் போட மனம் வராது. கெட்டுப்போன உணவைப் போட மனம் தடுக்காது. ஆகவே ஃப்ரிட்ஜில் வைத்து, அது கெடும்வரை காத்திருந்து, பிறகு போடுகிறோம். தெரிந்து செய்வதில்லை. எடுத்து வைத்ததுமே கடமை முடிந்த நிம்மதி வந்துவிடுவதால், அதை எப்போது யார் சாப்பிடுவார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

அதனால் மூடியைப் போடும் அந்த நிமிடத்திலேயே, இது நாளை மதியம் எனக்கு, இது நாளைக் காலை எல்லோருக்கும் என்று அடுத்த வேளையை முடிவு செய்துவிடுங்கள். வேளை எதுவும் தோன்றவில்லை என்றால் அப்போதே ஃப்ரீசருக்குப் போகட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் டப்பா, கண் மட்டத்தில் உள்ள தட்டு, மூடியில் ஒட்டிய காகிதத்தில் தேதி. பின்னால் போனது மறந்துபோனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் புதிதாகச் சமைக்காமல் இருப்பதை மட்டும் சாப்பிடும் வழக்கம் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

சமைத்ததை எத்தனை நாள் வரை வைத்துச் சாப்பிடலாம்?

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சரியான குளிரில் வைத்தால் பொதுவாக மூன்று, நான்கு நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது நடுப்பகுதிவரை ஆவி பறக்கும் அளவுக்கு, 74 டிகிரியாவது, சூடாக வேண்டும். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், மொத்தத்தையும் ஒவ்வொரு முறையும் சூடாக்க வேண்டாம்.

சோறு தனி விஷயம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து, பெருகி, நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. எனவே மிஞ்சும் என்று தெரிந்ததுமே அகலமான தட்டில் மெல்லிதாகப் பரப்பி, ஆறியதும் குளிரில் வைத்து, ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் சத்து போய்விடாதா?

பெரிதாகப் போகாது. ஒரு வாரம் வாடிக் கிடந்த காயைவிட உடனே உறையவைத்த காயில் பல வைட்டமின்கள் கூடுதலாகவே இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகாது. ஆனால் சாவதும் இல்லை. ஆகவே கெடும் தறுவாயில் உள்ளே தள்ளுவதில் பொருளில்லை, நன்றாக இருக்கும்போதே வைக்க வேண்டும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள்.

கெட்டுப்போனதா என்று முகர்ந்து பார்த்தால் தெரியாதா?

பாதிதான் தெரியும். உணவைக் கெடுத்து நாற்றமும் புளிப்பும் வரவழைக்கும் நுண்ணுயிர்கள் வேறு, நோயை வரவழைப்பவை வேறு. முதல் வகையை மூக்கு கண்டுபிடிக்கும். இரண்டாவது வகை மணத்தையோ சுவையையோ மாற்றாமலே இருக்கலாம். லிஸ்டீரியா போன்றது ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும்.

பச்சைக் காய், பழம், ரொட்டி, தயிர் போன்றவற்றுக்குக் கண்ணையும் மூக்கையும் நம்பலாம். சமைத்த உணவு, இறைச்சி, மீன் இவற்றுக்கு எத்தனை மணி நேரம், எந்த வெப்பத்தில் இருந்தது என்ற கணக்கைத்தான் நம்ப வேண்டும். அதற்காகத்தான் மூடியில் தேதி எழுதச் சொன்னேன்.

பாக்கெட்டில் போட்ட தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. போட்டுவிடவா?

எந்தத் தேதி என்று பாருங்கள். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றோ 'காலாவதி' என்றோ இருந்தால் அது பாதுகாப்பு பற்றியது, தாண்டினால் சாப்பிடக் கூடாது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்று இருந்தால் அது தரம் பற்றியது. அதற்குப் பிறகு மொறுமொறுப்போ மணமோ சற்றுக் குறையலாம், ஆபத்து என்று பொருளில்லை. பிஸ்கட், பருப்பு, மாவு போன்றவற்றைப் பிரித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இரண்டு தேதிகளும் பாக்கெட்டைப் பிரிக்காமல், சொன்னபடி வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். பிரித்தபிறகு 'மூன்று நாளுக்குள் பயன்படுத்தவும்' என்பது போன்ற வரிதான் கணக்கு.

பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

பொருளின் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. கேரட், முட்டைக்கோஸ், கெட்டியான பாலாடைக்கட்டி போன்றவற்றில் பூஞ்சை ஆழமாக இறங்குவது கடினம். பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். ரொட்டி, மென்மையான பழம், ஜாம், தயிர், சமைத்த உணவு இவற்றில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும், முழுவதையும் போட்டுவிடுங்கள். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சையைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம். அவற்றில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கக்கூடும். அது கல்லீரலைப் பாதிக்கும், வழக்கமான சமையலில் முழுதாக அழியாது.

முளைவிட்ட உருளைக்கிழங்கையும் பலர் கேட்கிறார்கள். கிழங்கு உறுதியாக இருந்து முளை சிறிதாக இருந்தால், முளையை அதன் குழியோடு தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். நிறையப் பச்சையாகியிருந்தால் அல்லது கசந்தால் சொலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கிறது, வேண்டாம்.

குழந்தை தினமும் தட்டில் மிச்சம் வைக்கிறான். முடித்தால்தான் எழுந்திருக்கலாம் என்று சொல்லலாமா?

வேண்டாம். வற்புறுத்திய உணவின் மேல் குழந்தைக்கு வெறுப்பு வளரும், வயிறு நிறைந்ததைத் தானே உணரும் திறனும் மங்கும். இரண்டு முதல் ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது வளர்ச்சியின் ஒரு பகுதி. ஓர் உணவைப் பத்து முறைக்கு மேல் பார்த்து, தொட்டு, ருசித்த பிறகே பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்தப் பத்து முறையும் முழுப் பங்கு வைத்தால் நிறைய வீணாகும். ஒரு கரண்டி வையுங்கள், கேட்டால் இன்னொரு கரண்டி. பானையில் மிஞ்சியதை எடுத்து வைத்து மறுவேளைக்குத் தரலாம், தட்டில் மிஞ்சியதை அப்படிச் செய்ய முடியாது. பெரியவர்களுக்கும் இதே முறைதான். எனக்குத் தெரிந்தவரை வீட்டில் உடனே பலன் தரும் மாற்றம் இது.

மிஞ்சுவதை நானே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். அப்படியானால் எங்கள் வீட்டில் எதுவும் வீணாகவில்லைதானே?

இதைக் கேட்பவர்கள் அநேகமாக எப்போதும் தாய்மார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பசியில்லாதபோது சாப்பிட்ட அந்த உணவால் உங்கள் உடலுக்குத் தேவையான எதுவும் கிடைக்கவில்லை. சர்க்கரை, எடை என்று பின்னால் வரும் பிரச்சினைகளை மட்டும் நீங்கள் தனியாகச் சுமக்கிறீர்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. மிஞ்சியதை நீங்கள் சாப்பிட்டுவிட்டால் மிஞ்சியது என்ற செய்தியே வீட்டில் யாருக்கும் போய்ச் சேராது. அடுத்த நாளும் அதே அளவு அளக்கப்படும். நான்காவது கேள்வியில் சொன்ன இடைவெளி உங்கள் வயிற்றில் மறைக்கப்படுகிறது. மிஞ்சியதை எல்லோரும் பார்க்கும்படி மேசையிலேயே வைத்து, இதை நாளை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், நாளை ஒரு பிடி குறைத்துப் போடுங்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவர் எதையும் கொட்ட விடமாட்டார். புளித்துப்போனதையும் சாப்பிடுவார். எப்படிச் சொல்வது?

பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் பார்த்தவர்களுக்கு உணவைக் கொட்டுவது உடம்பைக் கீறுவது போல இருக்கும். அவர்களிடம் அறிவியல் பாடம் நடத்தினால் மனம்தான் நோகும். ஆனால் ஆபத்து உண்மை. முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கு உணவு நஞ்சானால் விளைவு கடுமையாக இருக்கும்.

நான் சொல்லும் வழி, அவரிடமே பொறுப்பைக் கொடுப்பது. ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது, எது முதலில் தீர வேண்டும் என்று தினமும் பார்த்துச் சொல்வது அவர் வேலை. கெடுவதற்கு முன்னால் காப்பாற்றும் கௌரவம் கிடைத்தால், கெட்டபிறகு காப்பாற்ற வேண்டிய தேவை அவருக்கு இருக்காது.

நாங்கள் எல்லாவற்றையும் உரமாக்குகிறோம். அப்படியென்றால் வீணில்லைதானே?

குப்பைமேட்டுக்கு அனுப்புவதைவிட நிச்சயம் மேல். அங்கே காற்றில்லாமல் மட்கும்போது மீத்தேன் உண்டாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உரக்குழியில் காற்றோட்டம் இருந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

ஆனால் சாப்பிடக்கூடிய உணவை உரமாக்குவது மிக விலையுயர்ந்த உரம். ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறது என்று, பொருள்களை உண்டாக்கச் செலவாகும் தண்ணீரை அளக்கும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உழைப்பு, எரிபொருள், உங்கள் பணம் எல்லாம் அதற்குமேல். ஐ.நா. கணக்கிலும், கால்நடைத் தீவனமாகப் போனதை வீணில் சேர்ப்பதில்லை, உரமானதைச் சேர்க்கிறார்கள். தோலும் காம்பும் உரக்குழிக்குப் போகட்டும். சோறு அங்கே அடிக்கடி போனால் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நான் மிச்சப்படுத்தும் உணவு பசித்தவருக்குப் போய்ச் சேரப் போவதில்லை. பிறகு என்ன பயன்?

நேராகப் போய்ச் சேராது, அது உண்மைதான். 2022-இல் 69 முதல் 78 கோடிப் பேர் வரை பசியில் இருந்தார்கள், அதே ஆண்டு வீடுகளில் மட்டும் ஒவ்வொரு நாளும் நூறு கோடி வேளை உணவுக்குச் சமமான அளவு வீணானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஆனால் பசிக்குக் காரணம் வறுமை, போர், வறட்சி, வேலையின்மை. அதனால் குழந்தையிடம் பசித்த பிள்ளைகளைக் காட்டிச் சாப்பிட வைப்பதை நான் ஆதரிப்பதில்லை, அந்தச் சுமை அவனுடையது அல்ல.

பயன் வேறு வழியில் வருகிறது. உணவு இழப்பும் வீணாதலும் சேர்ந்து உலகப் பசுங்குடில் வாயு வெளியீட்டில் 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் காரணம். அதனால் பருவநிலை மாறி விளைச்சல் பொய்த்தால் முதலில் பசிக்கப்போவது ஏற்கெனவே பசித்திருப்பவர்கள்தான். உங்கள் வீட்டில் மிஞ்சும் பணமும் கையில் இருக்கும், அதில் ஒரு பகுதியைப் பசி தீர்க்கும் வேலைக்குக் கொடுக்க நினைத்தால் அது நேராகவே போய்ச் சேரும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

மாற்ற வேண்டாம். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள். எதைப் போட்டோம், எவ்வளவு, ஏன் என்று மூன்றே விஷயம். யார் என்ற கேள்வி அந்தத் தாளில் வேண்டாம், அது வந்தால் வீட்டில் எல்லோரும் மறைக்கத் தொடங்குவார்கள். வார முடிவில் ஒரே பொருளோ ஒரே காரணமோ மூன்று நான்கு முறை வந்திருக்கும். அதை மட்டும் சரிசெய்யுங்கள். ரொட்டியின் கடைசித் துண்டுகள் என்றால் சின்னப் பாக்கெட் வாங்குங்கள், கீரை என்றால் வாங்கிய அன்றோ மறுநாளோ சமையுங்கள்.

இந்த வேலை முழுவதும் ஏற்கெனவே சமைப்பவர் தலையில் விழுந்தால் நிலைக்காது. ஒருவர் வாங்கும் முன் ஃப்ரிட்ஜைப் படம் எடுக்கட்டும், ஒருவர் மிச்சத்தை எடுத்து வைக்கட்டும், ஒருவர் தாளில் எழுதட்டும்.

எவ்வளவு செய்தும் கொஞ்சம் வீணாகத்தான் செய்கிறது. சுத்தமாக இல்லாமல் ஆக்கவே முடியாதா?

முடியாது, தேவையும் இல்லை. நாடுகள் ஒப்புக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்கு 12.3-கூட, கடைகளிலும் வீடுகளிலும் ஆளுக்கு வீணாகும் உணவை 2030-க்குள் பாதியாகக் குறைக்கத்தான் சொல்கிறது. காய்ச்சல் வந்து இரண்டு நாள் யாரும் சாப்பிடாமல் போகலாம், மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் நின்றுவிடலாம், விருந்தாளி வராமல் போகலாம். நான்கு மணி நேரம் வெளியே மறந்துவிட்ட இறைச்சியைக் கொட்டுவது சரியான செயல், அதை மிச்சப்படுத்த முயல்வதுதான் தவறு. தாளில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் உங்கள் வீட்டில் நடப்பது சாதாரண வாழ்க்கையின் ஏற்ற இறக்கம்தான், அந்தத் தாளைச் சில மாதங்களுக்கு எடுத்து வைத்துவிடலாம்.